போனவில், இன்டர்செப்டர், கமாண்டோ, கோல்ட் ஸ்டார்: வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

எந்தெந்த வண்டிகளைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

பழைய பிரிட்டிஷ் பெயரைத் தாங்கி, புதிய எஞ்சினோடு வரும் நான்கு வண்டிகள்: ட்ரையம்ப் போனவில் (900, 1200), ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, நார்ட்டன் கமாண்டோ 961, பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் 650. இன்டர்செப்டரின் கூடப்பிறந்த கான்டினென்டல் ஜிடி 650க்கும் அதே எஞ்சின்தான். மாறுவது உட்காரும் விதம். 2001 முதல் 2016 வரை வந்த ஏர்-கூல்டு போனவில் இன்று செகண்ட் ஹேண்டில் மட்டுமே கிடைக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சே இல்லை. கையில் ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் அதிகம் தேடுவது அதைத்தான்.

இவை நிஜமாகவே பிரிட்டிஷ் வண்டிகளா?

பெயர் பிரிட்டிஷ். மற்றதெல்லாம் கலவை.

ட்ரையம்பின் பழைய மெரிடன் ஆலை 1983ல் மூடியது. பெயரை வாங்கிய ஜான் புளூர் ஹிங்க்லியில் புது ஆலை கட்டி 1991ல் விற்பனைக்கு வந்தார். இன்று வடிவமைப்பு ஹிங்க்லியில், போனவில் வரிசையின் தயாரிப்பு பெரும்பாலும் தாய்லாந்தின் சோன்புரியில். ராயல் என்ஃபீல்டு கதை வேறு மாதிரி. ரெட்டிச் ஆலை 1967ல் மூடியது, திருவொற்றியூர் ஆலை நிற்கவில்லை. இன்டர்செப்டர் 650க்கான வேலை லெஸ்டர்ஷயரின் பிரன்டிங்தார்ப் தொழில்நுட்ப மையத்திலும் சென்னையிலும் நடந்தது. ஃப்ரேமுக்குப் பின்னால் இருப்பது 2015ல் ராயல் என்ஃபீல்டு வாங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஃப்ரேம் கம்பெனி. வண்டி உருவாவது சென்னைப் பக்கம்.

நார்ட்டன் 2020 ஜனவரியில் நொடித்தது. ஏப்ரலில் டி.வி.எஸ். மோட்டார் 1.6 கோடி பவுண்டுக்கு அதை எடுத்து, சோலிஹல்லில் புது ஆலை போட்டது. பி.எஸ்.ஏ. பெயர் 2016லிருந்து மகிந்திரா சார்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் கையில். ஆக, நான்கில் மூன்று பெயர்கள் இன்று இந்தியக் கம்பெனிகள் கையில். "அசல் பிரிட்டிஷ்" வேண்டும் என்பவர் 1970களின் வண்டியைத்தான் தேட வேண்டும், கூடவே ஆயில் ஒழுக்குக்கு ஒரு தட்டும்.

குதிரைத்திறனை வைத்து முடிவு எடுக்கலாமா?

எடுத்தால் ஏமாறுவீர்கள். இந்த வகை வண்டியில் பார்க்க வேண்டியது டார்க் (எஞ்சினின் திருகு விசை) எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பதே.

போனவில் டி120: 1200 சிசி, 80 பி.எஸ்., 105 நியூட்டன் மீட்டர். அந்த உச்ச டார்க் 3,500 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடுகிறது. 900 சிசி டி100: 65 பி.எஸ்., 80 நியூட்டன் மீட்டர், 3,800 சுற்றுக்குப் பக்கத்தில். இன்டர்செப்டர்: 648 சிசி, சுமார் 47 பி.எஸ்., 52 நியூட்டன் மீட்டர், 5,250 ஆர்.பி.எம்.மில். கமாண்டோ 961ன் டி.வி.எஸ். காலத்து வடிவம்: சுமார் 77 பி.எஸ்., 81 நியூட்டன் மீட்டர். கோல்ட் ஸ்டார்: 652 சிசி ஒற்றை சிலிண்டர், 45 பி.எஸ்., 55 நியூட்டன் மீட்டர்.

பழக்கத்தில் இது எப்படித் தெரியும்? டி120ல் ஐந்தாவது கியரில் ஊருக்குள் வந்து, கியர் குறைக்காமலே லாரியைத் தாண்டிவிடலாம். இன்டர்செப்டரில் அதே இடத்தில் ஒரு கியர் இறக்க வேண்டும். ஆறு கியரும் வெண்ணெய் மாதிரி விழுவதால் அது தொல்லையாகத் தெரியாது. டி100ல் கியர் ஐந்துதான். நெடுஞ்சாலையில் இல்லாத ஆறாவது கியருக்கு இடது கால் தானாகத் தேடுவது அதில் சகஜம்.

270 டிகிரி, 360 டிகிரி என்கிறார்களே, அது என்ன?

இரட்டை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் 360 டிகிரி கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு). 1937ல் எட்வர்ட் டர்னர் ட்ரையம்புக்காக வடிவமைத்த ஸ்பீடு ட்வின் முதல் பழைய போனவில், கமாண்டோ வரை எல்லாம் அப்படித்தான். சம இடைவெளியில் வெடிப்பதால் ஒரே சீரான முழக்கம் கேட்கும். ஆனால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் மேலே போய் நிற்பதால் அதிர்வு பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டி போல இருக்கும். 1967ல் கமாண்டோ எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைத்ததற்கு இதுதான் காரணம்.

270 டிகிரியில் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும். வெடிப்பு 270, 450 என்று ஏறுமாறாக விழும். குதிரை பாய்ச்சலில் போவது போன்ற அந்தத் தாளம், இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் வி-ட்வின் எஞ்சினுக்கு உரியது. 2016க்குப் பிந்தைய போனவில், இன்டர்செப்டர், கமாண்டோ 961 மூன்றும் இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், "அடடா, கிளாசிக் சத்தம்" என்று இன்று ரசிக்கப்படும் இந்தத் தாளம் பழைய போனவில்லில் இருந்ததே இல்லை. பேரலல் ட்வினில் (இரண்டு சிலிண்டரும் பக்கம் பக்கமாக நிற்கும் எஞ்சின்) அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1990களின் யமஹா டிஆர்எக்ஸ்850.

பழைய சீர் முழக்கம்தான் வேண்டும் என்றால் ஏர்-கூல்டு போனவில் 790 அல்லது 865 எடுங்கள், அவை 360 டிகிரி. அதே காலத்து ஸ்க்ராம்ப்ளர், அமெரிக்கா, ஸ்பீடுமாஸ்டர் ஆகியவற்றில் 270 இருந்தது.

போனவில்லில் தெரிவது கார்புரேட்டரா?

2008க்குப் பிறகு வந்ததென்றால் இல்லை. பழைய கார்புரேட்டர் போல வார்த்த உறைக்குள் இருப்பது ஃப்யூல் இன்ஜெக்ஷனின் த்ராட்டில் பாடி (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்). டி120ன் சைலன்சரிலும் இதே கண்கட்டு உண்டு. வெளியே பார்த்தால் குழாய் எஞ்சினிலிருந்து பின்னால் வரை நேராக ஓடுகிறது. உள்ளே புகை கீழே இறங்கி, எஞ்சினுக்கு அடியில் மறைந்திருக்கும் கேட்டலிட்டிக் (புகையைச் சுத்தம் செய்யும்) பெட்டிக்குள் போய்த் திரும்பி வருகிறது. ரேடியேட்டரை ஃப்ரேமின் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒல்லியாக ஒளித்திருக்கிறார்கள். சிலருக்கு இது பொய் வேஷம். சுத்தமாகச் செய்த வேலை என்றே நாங்கள் சொல்வோம். டேங்கின் ஓரக் கோட்டைக் கையால் வரைகிற பெயின்டர் தன் இனிஷியலையும் போடுகிறார். டேங்கைக் கழற்றினால் அடியில் தேடிப் பாருங்கள்.

எடை வித்தியாசம் ஓட்டும்போது தெரியுமா?

முதலில், எண்களை ஒரே தராசில் வையுங்கள். இன்டர்செப்டருக்கு முதலில் சொல்லப்பட்ட 202 கிலோ பெட்ரோல் இல்லாத எடை. 13.7 லிட்டர் டேங்கை நிரப்பினால் 10 கிலோ கூடும். டி120ன் 236 கிலோ, கோல்ட் ஸ்டாரின் 213 கிலோ இரண்டும் பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தவை. கமாண்டோவுக்குச் சொல்லும் 230 கிலோ பெட்ரோல், ஆயில் இல்லாத எடை.

ஓடும்போது டி120 எடையை மறைத்துவிடும். சரிவான இடத்தில் நிறுத்தி, காலால் பின்னுக்குத் தள்ளும்போது மறைக்காது. ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் அதையும் செய்து பாருங்கள்.

டப்பெட் செட்டிங்கை (வால்வு இடைவெளி சரிசெய்வதை) வீட்டில் செய்ய முடியுமா?

இன்டர்செப்டரில் முடியும். அதன் உரிமையாளர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வதும் இதைத்தான். வால்வு இடைவெளியை மாற்ற ஸ்க்ரூவும் லாக் நட்டும் போதும், ஷிம் (அளவு பார்த்து வைக்கும் சிறு தகடு) வாங்கி அலைய வேண்டாம்.

எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கைக்கு இளஞ்சூடு தெரிந்தாலும் அளவு பொய்யாகும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்கை எடுத்து, ஹெட் கவரைத் திறந்து, இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் வெளியே எடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் ஓடும் திசையில் சுற்றினால் கிராங்க் திரும்பும். ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் திறந்து மூடிய பிறகு பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம்தான் கம்ப்ரஷன் உச்சி. அங்கே அந்த சிலிண்டரின் ராக்கர்கள் (வால்வை அழுத்தும் நெம்புகள்) எல்லாம் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். 270 டிகிரி கிராங்க் என்பதால் ஒரு சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது மற்றதை அளக்கக் கூடாது. அதற்குத் தனியாகச் சுற்ற வேண்டும்.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால், ஆயில் தடவிய காகிதத்தை இழுப்பது போல மெல்லிய பிடிப்பு இருக்கணும். பெரும்பாலானோர் தப்புவது கடைசியில்: லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி இடைவெளி குறைந்துவிடும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, மறுபடி கேஜை விட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் இடைவெளி இன்டேக்கைவிடப் பெரியது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டப்பெட் கொஞ்சம் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தமே இல்லாமல் போனால்தான் சந்தேகம் வர வேண்டும். இடைவெளி அற்றுப்போன எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக உட்காது, சூட்டைக் கடத்த முடியாமல் கருகும்.

போனவில் 1200ல் இந்த வேலை 32,000 கி.மீ.க்கு ஒருமுறைதான். வழக்கமான சர்வீஸ் 16,000 கி.மீ.க்கு. அபூர்வமாக வருவதால் பலர் அதைச் சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுகிறார்கள்.

செகண்ட் ஹேண்டில் ஏர்-கூல்டு போனவில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பார்க்கப் போகும் முன் சொல்லிவிடுங்கள்: "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க." போனதும் எஞ்சினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்ஃப் போடும்போது எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்ற வேண்டும். பேட்டரி சோர்ந்த நிலையில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால், எஞ்சின் பின்னுக்கு உதைத்து ஸ்டார்ட்டரின் ஸ்ப்ராக் கிளட்சை (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பாகம்) தின்றுவிடும். அதை மாற்ற எஞ்சின் கேசைத் திறக்கணும், பாகத்தைவிடக் கூலி அதிகம். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். ஐட்லிங் மாறினாலோ விளக்கு மினுக்கினாலோ, கழுத்துப் பக்கம் ஒயர் உரசுகிறது அல்லது ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலிருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று.

பின் ஷாக் அப்சார்பர் புதிதாக இருக்கும்போதே சுமார்தான். அதை மாற்றியிருந்தால் அது பிளஸ். ஏர்பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டி) அறுத்து, ஓப்பன் சைலன்சர் போட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அது மைனஸ். எஞ்சின் காற்று மிகுந்து எரிந்துகொண்டிருக்கும், ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட் என்று வெடிக்கும்.

790 சிசியா 865ஆ என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஸ்ட்ரோக் இரண்டிலும் 68 மி.மீ., போர் மட்டும் 86லிருந்து 90 ஆனது. யார் எப்படி வைத்திருந்தார் என்பதே விலையை நியாயப்படுத்தும்.

கார்புரேட்டர் வண்டி இரண்டு மாதம் நின்றால் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

பைலட் ஜெட். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் அந்தப் பித்தளைத் துண்டின் துளை முடி கனம்தான். ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டரின் அடிக்கிண்ணம்) தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசுக்கு அதில் அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் நிலைமை மோசம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால்). இந்தியாவில் ஈ20.

நிறுத்தி வைக்கும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, இரண்டு சேம்பரின் ட்ரெயின் ஸ்க்ரூவையும் தளர்த்திக் காலி செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே அடைத்துவிட்டால் ஜெட்டைக் கழற்றி, கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரியணும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதானால் கலவை அளவு நிரந்தரமாகக் கெடும்.

பின்னால் உதைக்கிறது, என்ன செய்வது?

இன்டர்செப்டரைப் பற்றி அடிக்கடி வரும் குறை. பின் சஸ்பென்ஷன் அசைவு 88 மி.மீ.தான், டி120ல் 120. ஷாக்கை மாற்றும் முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, ஆக்சிலிலிருந்து நேர் மேலே ஒரு போல்ட் வரை அளந்து குறியுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்கார, இன்னொருவர் அதே இரு புள்ளிகளை அளக்கட்டும். வித்தியாசம் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள் வரணும்: இன்டர்செப்டரில் 26 முதல் 29 மி.மீ., டி120ல் 36 முதல் 40. குறைவாக இறங்கினால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கம்) தளர்த்துங்கள், அதிகம் இறங்கினால் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டிலும் மறுபக்கம் மூன்றிலும் வைத்து ஓட்டிக்கொண்டு வண்டியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

எந்தப் படியிலும் அளவு வராவிட்டால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதல்ல. அப்போது ஷாக்குக்குச் செலவு செய்யலாம்.

ஸ்போக்கா, அலாயா?

அழகுக்கு ஸ்போக், பஞ்சருக்கு அலாய். டி120லும் ஸ்போக் வைத்த இன்டர்செப்டரிலும் ட்யூப் இருக்கிறது. ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், வழியில் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகணும். இன்டர்செப்டருக்கு 2023ல் ட்யூப்லெஸ் அலாய் வந்தது. தனியாக நீண்ட தூரம் போகிறவர் அதையே எடுப்பது நல்லது. ட்ரையம்பில் அலாய் வேண்டுமென்றால் இன்றைய ஸ்பீடு ட்வின் பக்கம் போகணும்.

துரு எதில் அதிகம்?

குரோம் அதிகம் உள்ளதில். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பு பிரேக் காலிப்பரை அரிக்கிறது என்று 2020ல் ராயல் என்ஃபீல்டு பிரிட்டன், ஐரோப்பா, கொரியாவில் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. கடலோரத்தில் இருப்பவருக்கும் இதே பாடுதான், உப்பு காற்றில் வருகிறது.

கழுவக் குளிர்ந்த தண்ணீர் போதும். சுடுதண்ணீர் உப்பின் அரிப்பைத் தூண்டும். காய்ந்த பிறகு போல்ட் தலைகள், ஸ்போக் நிப்பிள், சைலன்சர் கிளாம்ப் ஆகியவற்றில் துரு தடுப்பு ஸ்ப்ரேயைத் துணியில் எடுத்துத் தடவுங்கள். நேரே அடித்தால் டிஸ்க்கில் படும். பிரேக் பிடிக்காது.

நார்ட்டன் கமாண்டோ அந்த விலைக்குத் தகுமா?

ஓட்டுவதற்கான காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் தகாது. ஓலின்ஸ் சஸ்பென்ஷன், பிரெம்போ பிரேக், கையால் கட்டிய எஞ்சின் எல்லாம் உண்மை. ஆனாலும் டி120 குறைந்த விலையில் அதைவிட அமைதியாக வேலை செய்யும். கமாண்டோ வாங்குகிறவர் புஷ்ராடு எஞ்சினையும் (நீளக் கம்பிகள் வழியாக வால்வைத் திறக்கும் பழைய முறை), நிறுத்திவிட்டு நாலடி தள்ளி நின்று திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடத்தையும் வாங்குகிறார். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டோம்.

2020க்கு முந்தைய வண்டியா, பிந்தையதா என்பதை முதலில் கேளுங்கள். டி.வி.எஸ். வாங்கியது சொத்துகளை. பழைய கம்பெனி எழுதிக் கொடுத்த வாரன்டியை நம்பி விலை பேசாதீர்கள். இதில் ஆயில் அடியில் தேங்குவதில்லை, ஃப்ரேமுக்குள் இருக்கிறது. நாள்கணக்கில் நின்ற வண்டியில் அளவு பார்த்துவிட்டுக் குறைகிறதென்று ஊற்றினால், ஓடியதும் ஆயில் ஏறி வழியும். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்திய கையோடு பாருங்கள்.

கோல்ட் ஸ்டார்?

ஒற்றை சிலிண்டரின் தட்டல் பிடித்தவருக்கு. ரோடாக்ஸ் வழிவந்த எஞ்சின், வாட்டர் கூலிங், சிலிண்டருக்கு இரண்டு பிளக். நகரத்தில் நன்றாக இழுக்கும். 12 லிட்டர் டேங்க் நீண்ட பயணத்துக்குக் குறைவு. 1937ல் ப்ரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் வால் ஹேண்ட்லி மணிக்கு 100 மைலைத் தாண்டிச் சுற்றி வாங்கிய தங்க நட்சத்திர பேட்ஜ்தான் பெயருக்கு மூலம். இன்றைய வண்டி அந்த அவசரத்தில் இல்லை.

ஐரோப்பாவில் ஏ2 லைசென்ஸ் (பவர் வரம்புள்ள நடுத்தர பைக் லைசென்ஸ்) வைத்திருப்பவருக்கு எது?

வரம்பு 35 கிலோவாட். இன்டர்செப்டரும் கோல்ட் ஸ்டாரும் அப்படியே அதற்குள் அடங்கும். போனவில் என்றால் பவரைக் குறைக்கும் ஏற்பாடு செய்து, அதற்கான சான்றிதழை வண்டியிலேயே வைத்திருக்கணும்.

சைலன்சர் மாற்றினால் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் எரிபொருள் அளவுகளை மாற்றி எழுதுவது) வேண்டுமா?

கேட்டலிட்டிக் பெட்டியைத் தொடாமல் கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேண்டாம். ஆக்சிஜன் சென்சார் கலவையைச் சமாளித்துக்கொள்ளும். பெட்டியை எடுத்தாலோ ஏர் ஃபில்டரைத் திறந்துவிட்டாலோ வேண்டும். கழற்றிய அசல் சைலன்சரைத் துணி சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது, "ஒரிஜினல் இருக்கா?"